பணம் கட்டுவது நாம், ஒப்பந்தம் போடுவது பள்ளி: ஒரு பிக்சர் டேயின் கதை

இது டெக்சாஸில், டல்லஸுக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரின் அரசுத் தொடக்கப் பள்ளியில் 2023 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு செப்டம்பர் வரை நீண்ட விஷயம். எங்கள் பையன் அப்போது இரண்டாம் வகுப்பு, மகள் கிண்டர்கார்டன். பிக்சர் டே என்று ஒரு நாள் குறித்து, வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வரும். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் படம் எடுத்து, அதைப் பேக்கேஜ் போட்டுப் பெற்றோருக்கு விற்கும். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு வருடம் முணுமுணுத்துக்கொண்டே பணம் கட்டிவிட்டு, மூன்றாவது வருடம் இது ஏன் இப்படி நடக்கிறது என்று கடைசிவரை போய்ப் பார்த்தேன். பள்ளியின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. பெயர் மாறினாலும் கதை மாறாது.

தாள் வந்த நாள்

செப்டம்பர் முதல் வாரம், பையனின் புத்தகப் பையில் வழவழப்பான ஒரு தாள் இருந்தது. கூடவே பெயர், வகுப்பு, ஹோம்ரூம் டீச்சர் பெயர் எழுதி, பணத்தை உள்ளே வைத்து ஒட்டும் உறை. ரொக்கமாகக் கொடுத்தால் சரியான தொகை வைக்க வேண்டும், சில்லறை தரமாட்டார்கள். ஏ பேக்கேஜ் 58 டாலர், பி 46, சி 34, டி 24. எல்லாவற்றிலும் வாலட் சைஸ் படங்கள் உண்டு. பி-யில் எட்டுக்குப் பத்து அங்குலப் படம் ஒன்று, ஐந்துக்கு ஏழு இரண்டு, வாலட் சைஸ் 16.

எங்களுக்கு வேண்டியது இரண்டே இரண்டு. திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு டிஜிட்டல் படம், வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம். ஆனால் டிஜிட்டலை மட்டும் தனியாக விற்கமாட்டார்கள். ஏ, பி இரண்டிலும் அது உண்டு. சி, டி வாங்குகிறவர்கள் அதோடு 22 டாலர் சேர்த்துக் கட்டினால் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: டி-க்கு 24, டிஜிட்டலுக்கு 22, ஆக 46. பி-யின் விலை. அப்படியென்றால் டிஜிட்டல் வேண்டும் என்கிற எவரும் 46 டாலருக்குக் கீழே இறங்க முடியாது. நான்கு விலை போட்டிருக்கிறார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் இருப்பது இரண்டுதான்.

வாலட் சைஸுக்கு இங்கே ஒரு மரபு உண்டு. பின்பக்கம் பெயரும் வருடமும் எழுதி அத்தை, சித்தப்பா, தோழர்கள் என்று கொடுப்பார்கள், வாங்கியவர்கள் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள். அழகான பழக்கம். ஆனால் கொடுக்க எங்களுக்கு இந்த ஊரில் உறவு இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 32 படங்கள், இன்றும் அலமாரியில் கட்டாக இருக்கின்றன.

சரி, டி வாங்கி வீட்டில் ஸ்கேன் செய்துகொண்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்கு அல்லது அவருடைய நிறுவனத்துக்கே படத்தின் உரிமை. பிள்ளை நம்முடையது என்பதால் படம் நம்முடையதாகிவிடாது. மருந்துக்கடைகளில் இருக்கும் போட்டோ கவுண்டரில் கொடுத்தாலும், பார்வைக்கு ஸ்டுடியோ படம் போலிருந்தால் அனுமதிக் கடிதம் கேட்பார்கள்.

இதிலெல்லாம் எனக்கு மிகவும் உறுத்தியது வேறொன்று. படம் எடுப்பதற்கு முன்பே பணம் கட்ட வேண்டும். பிள்ளை கண்ணை மூடியிருக்கிறதா, அழுதிருக்கிறதா, காலர் மடங்கியிருக்கிறதா, எதுவும் தெரியாது. பிக்சர் டே முடிந்த பிறகு ஆர்டர் செய்தால் வீட்டுக்கு அனுப்பும் செலவு தனி. கத்தரிக்காயைக்கூடக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்கும் ஊரிலிருந்து வந்தவள் நான்.

ஆளுக்கு ஒரு பி. அந்த வாரம்தான் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து கன்னத்தில் சிராய்ப்பு, அதனால் அவனுக்கு மட்டும் 8 டாலருக்கு ரீடச், அதாவது படத்தில் முகத்தைத் திருத்துவது. 100 டாலர், அதற்கு 8.25 விழுக்காடு விற்பனை வரி. மொத்தம் 108 டாலர் 25 சென்ட்.

வரிசையில் நின்று பார்த்தது

அந்த வருடம் பிக்சர் டேக்கு வாலண்டியராகப் பெயர் கொடுத்திருந்தேன். இந்தப் பதிவில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது பெரும்பாலும் அந்தக் காலைப் பொழுதில் பார்த்ததுதான்.

ஜிம்மில் மூன்று கேமரா. சுமார் 600 பிள்ளைகள். எட்டு மணிக்குத் தொடங்கி பன்னிரண்டுக்குள் முடித்தாக வேண்டும், அதற்குப் பிறகு அங்கே விளையாட்டு வகுப்பு. மூன்று கேமரா, நான்கு மணி நேரம் என்றால் 720 நிமிடம். ஒரு பிள்ளைக்கு 72 நொடி. அந்த 72 நொடிக்குள் பிள்ளை நடந்து வர வேண்டும், பார்கோடு அட்டையைக் காட்ட வேண்டும், தரையில் ஒட்டியிருக்கும் பாதச் சுவடுகளில் கால் வைத்து உட்கார வேண்டும், முகவாயைச் சாய்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், இறங்க வேண்டும். வகுப்பு மாறும் நேரமும் இதிலேயே அடக்கம். கேமரா முன்னால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நொடி. அதற்குள் இரண்டு கிளிக்.

எங்கள் கேமராவில் இருந்தவர் இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கக்கூடிய பெண். சீசன் வேலை. விடியற்காலையில் தன் காரிலிருந்து விளக்குகளை இறக்கி, தானே மாட்டி, எட்டு மணிக்குத் தயாராக நின்றவர். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பன்னிரண்டு மணிக்குள் அவர் தண்ணீர் குடித்ததை நான் ஒருமுறைதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்த படம் சரியில்லை என்றால் முதலில் இவரைத்தான் திட்டுகிறோம். அந்த நாளுக்குப் பிறகு எனக்கு அதற்கு மனம் வரவில்லை.

என் வேலை சீப்பு கொடுப்பதும் காலரைச் சரிசெய்வதும். வரிசையில் ஒரு சின்னப் பெண் என் கையைப் பிடித்து இழுத்து, "நான் ஃபார்ம் கொண்டு வரல, நான் போகணுமா?" என்று கேட்டாள். ஃபார்ம் கொண்டுவராத பிள்ளைகளையும் எடுப்பார்கள். ஏன் எடுக்கிறார்கள் என்பது எனக்கே பின்னால்தான் புரிந்தது. "எல்லாரையும் எடுப்பாங்க கண்ணு, நீயும் உட்காரு" என்று அனுப்பினேன். அவள் சிரிக்கவே இல்லை.

நான் படித்த பள்ளியில் குரூப் போட்டோ மட்டும்தான். வகுப்பிலிருந்து பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் போடுவோம். நடுவில் தலைமையாசிரியர், காலடியில் சிலேட்டில் வகுப்பும் பிரிவும் வருடமும். வேண்டியவர்கள் காசு கொடுத்துப் பிரதி வாங்கிக்கொள்வார்கள். வாங்காதவர்களும் அந்தப் படத்தில் இருப்பார்கள், அதில் ஒருவரையும் தனியாக எண்ண முடியாது. இங்கே அப்படி இல்லை. அக்டோபர் கடைசியில் படங்கள் வகுப்புக்கு வந்தபோது, பிள்ளையின் முகம் வெளியே தெரிகிற ஜன்னல் வைத்த உறைகளில் வந்தன. டீச்சர் ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். யாருக்கு உறை வந்தது, எவ்வளவு தடிமன், யாருக்கு வரவில்லை என்று எங்கள் பையன் அன்று மாலை எனக்கு வரிசையாகச் சொன்னான். ஏழு வயதுப் பிள்ளை.

மச்சம்

படம் வந்த இரண்டாம் நாள், பக்கத்து அபார்ட்மெண்ட் குடும்பம் தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பியது. பிள்ளைகள் இருவருடைய ஐந்துக்கு ஏழு படத்திலும் ஒவ்வொன்றை அவர்களிடம் கொடுத்தனுப்பினேன். தீபாவளிக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன்.

"ஏண்டி, புள்ளைக்கு உதட்டுக்கு மேல இருந்த மச்சத்தைக் காணோமே?"

அப்போதுதான் நான் படத்தை எடுத்துச் சரியாகப் பார்த்தேன். சிராய்ப்பு போயிருந்தது. அதோடு மச்சமும் போயிருந்தது. மூக்கின் மேல் லேசாக இருக்கும் தழும்பும் போயிருந்தது. கன்னம் மாவு பூசியது போல வழவழவென்று இருந்தது, நிறமும் ஒரு படி வெளுத்திருந்தது.

"கம்ப்யூட்டர்ல அழிச்சிருக்காங்கம்மா. சிராய்ப்பை எடுக்கச் சொன்னேன், எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

"அது உங்கப்பாவுக்கு இருந்த மச்சம்டி."

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மா வேறு எதுவும் சொல்லவில்லை.

தாளில் ரீடச் பற்றி எழுதியிருந்தது ஒரே வரி: முகத்திலுள்ள குறைகள் நீக்கப்படும். எது குறை என்று கேட்க அதில் இடம் இல்லை. டிக் போடக் கட்டம் மட்டும்தான் இருந்தது.

மகளின் படத்தில் வேறு சிக்கல். அவளுக்கு ரீடச் கேட்கவில்லை. அவள் என்னைப் போல மாநிறத்துக்கும் கொஞ்சம் அதிகம். படத்தில் பின்னணி பளீரென்று இருந்தது, முகம் இருண்டிருந்தது, கண்ணிமையும் புருவமும் பிரித்துத் தெரியவில்லை. ஜிம்மில் நின்றவள் என்பதால் காரணம் எனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கு வைத்த விளக்கைப் பன்னிரண்டு மணிவரை யாரும் தொடவில்லை. தொட நேரமும் இல்லை. முதலில் வந்து உட்கார்ந்த பிள்ளைக்குப் பொருந்திய வெளிச்சம்தான் அறுநூறாவது பிள்ளைக்கும்.

இது புதிய குறையும் அல்ல. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் போட்டோ அச்சிடும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம், ஷெர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக விழுந்தால் அச்சு சரி. மாண்ட்ரியாலின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்த்து எடுத்த பள்ளிப் படங்களில் கறுப்பினப் பிள்ளைகளின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிகின்றன என்று தாய்மார்கள் குறை சொன்னார்கள். ஆனால் ஃபிலிமில் அடர் நிறங்கள் சரியாக விழ வேண்டும் என்று கோடாக்கை அசைய வைத்தவர்கள் சாக்லேட் விற்றவர்களும் மர மேசை விற்றவர்களும். தங்கள் சரக்கின் பழுப்பு நிற வேறுபாடுகள் விளம்பரப் படத்தில் தெரியவில்லை என்றார்கள் அவர்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது ஃபிலிம் இல்லை, கேமரா எல்லா நிறத்தையும் எடுக்கும். அந்த ஒரு விளக்கைக் கொஞ்சம் திருப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். "அது நிறுவனத்தின் வேலை, அவர்களிடம் பேசுங்கள்" என்றார்கள், மரியாதையாகத்தான். நிறுவனத்தில் கேட்டேன். மறுபடி படம் எடுக்கும் ரீடேக் நாளில் பிள்ளையை அனுப்புங்கள், பழைய பேக்கேஜை ஒரு படம் குறையாமல் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். இரண்டு பேருடைய படத்திலும் ஒவ்வொன்று திருச்சியில் இருந்தது. கெஞ்சிப் பேசியதில் மகளுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார்கள், அச்சின் தரம் பற்றிய புகார் என்பதால். பையனுக்கு முடியாது, ரீடச் கேட்டு வாங்கியது என்றார்கள். மகளின் அட்டையோடு "விளக்கைக் கொஞ்சம் முகத்தின் பக்கம் திருப்ப முடியுமா?" என்று ஒரு குறிப்பு வைத்து அனுப்பினேன். ரீடேக்குக்கு வந்த பிள்ளைகள் நாற்பது பேர்கூட இல்லை. படம் நன்றாக வந்தது. நேரம் இருந்தால் எல்லாம் நன்றாக வரும்.

ஒப்பந்தத்தில் இருந்தது

பள்ளி நிறுவனத்தைக் காட்டுகிறது, நிறுவனம் விதியைக் காட்டுகிறது. அந்த விதியைப் போட்டது யார்? டெக்சாஸில் பொதுத் தகவல் சட்டம் இருக்கிறது. ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டம் போடும் ஒப்பந்தங்களை அதன்படி யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். ஜனவரி 2024-இல் மின்னஞ்சலில் கேட்டேன். கொடுத்தார்கள்.

ஐந்து பக்கம். படித்து முடித்ததும் எல்லாம் விளங்கியது. விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு பள்ளியின் செயல்பாட்டு நிதிக்குப் போகிறது. அது போக, நிறுவனம் பள்ளிக்கு இலவசமாகச் செய்து தருபவை: ஆசிரியர்கள், ஊழியர்களின் அடையாள அட்டை, எல்லாப் பிள்ளைகளின் படமும் பள்ளியின் மாணவர் பதிவேட்டு மென்பொருளில் ஏறும்படியான கோப்பு, பள்ளி வருடா வருடம் போடும் படப் புத்தகமான இயர்புக்குக்கான படங்கள். ஃபார்ம் கொண்டுவராத அந்தச் சின்னப் பெண்ணையும் ஏன் உட்கார வைத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. பள்ளிக்கு அவள் படம் வேண்டும்.

பள்ளிக்குத் தேவையான வேலை இது, நியாயமான வேலையும்கூட. ஆனால் அதற்கான செலவு பேக்கேஜ் வாங்குகிற பெற்றோரின் 46 டாலருக்குள் இருக்கிறது, தாளில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நிறுவனத்தைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் பள்ளிதான். பள்ளி அதிருப்தி அடைந்தால் அடுத்த வருடம் வேறு நிறுவனம் வரும். நான் அதிருப்தி அடைந்தால் ரீடேக் நாள் வரும். முன்பணம், தனியாகக் கிடைக்காத டிஜிட்டல், 72 நொடி, ஒற்றை வரி ரீடச், நான் எரிச்சல்பட்ட ஒவ்வொன்றும் இங்கிருந்துதான் முளைக்கிறது. ஒப்பந்தத்தில் படத்தின் தரம் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதில் பெற்றோர் என்ற சொல்லே வரவில்லை.

இந்தத் தொழில் சின்னதும் அல்ல. லைஃப்டச் என்ற பெரிய நிறுவனம் 1936-இல் மினசோட்டாவில் நேஷனல் ஸ்கூல் ஸ்டுடியோஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2018-இல் ஷட்டர்ஃபிளை அதை 82.5 கோடி டாலருக்கு வாங்கியது, மறு வருடம் ஷட்டர்ஃபிளையை அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. எங்கள் பள்ளிக்கு வந்தது இவர்கள் அல்ல, வட்டார அளவில் இயங்கும் வேறொரு நிறுவனம். பள்ளிப் பிள்ளைகளின் படத்தில் எவ்வளவு பணம் புரள்கிறது என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

பெற்றோருக்கு எதை விற்கலாம் என்று மட்டும் யோசித்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதே 2024 மார்ச்சில் ஸ்காட்லாந்தில் ஒன்று நடந்தது. அபர்டீன்ஷயரில் அபோய்ன் என்ற ஊரின் தொடக்கப் பள்ளிப் பெற்றோருக்கு வகுப்புப் படம் வாங்க ஒரு இணைப்பு வந்தது. அதில் இரண்டு வகைப் படம். ஒன்றில் கூடுதல் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறன் பிள்ளைகள் இருந்தார்கள், மற்றதில் அவர்கள் இல்லை. எது வேண்டுமோ அதை வாங்கலாம். பெற்றோர் கொதித்துப்போனார்கள், நிறுவனமும் உள்ளாட்சி மன்றமும் மன்னிப்புக் கேட்டன. தன் பிள்ளை இல்லாத படமும் விலைக்கு இருக்கிறது என்று அந்தத் தாய்மார்கள் கைப்பேசியில் பார்த்த நிமிடத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. 1974-இல் வந்த ஃபெர்பா என்ற மத்தியச் சட்டத்தின்படி, பிள்ளையின் பெயர், வகுப்பு, படம் போன்றவற்றைப் பொதுவில் வெளியிடக்கூடிய தகவல்களாகப் பள்ளி அறிவிக்கலாம். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகஸ்டில் கையெழுத்துப் போடும் இருபது ஃபார்ம்களுக்குள் அதுவும் ஒன்று. எங்கள் பள்ளியில் அதில் வேண்டாம் என்று குறித்தால் இயர்புக்கிலும் பிள்ளை இருக்காது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும்படி ஃபார்மை அமைக்கலாம். சில மாவட்டங்கள் அப்படிச் செய்கின்றன.

கேட்டதும் கிடைத்ததும்

பிப்ரவரி பி.டி.ஏ. கூட்டத்தில் ஒப்பந்தத்தின் நகலை வைத்துப் பேசினேன். நம்மவர்கள் இந்தக் கூட்டங்களுக்கு அதிகம் வருவதில்லை. அன்று நான் கூப்பிட்டதற்காக நான்கு குடும்பங்கள் வந்தன, அவர்கள் வந்தது எனக்குப் பெரிய தைரியம்.

எதிர்ப்பும் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. செயல்பாட்டு நிதியை வைத்துத்தான் சுற்றுலாவுக்குப் பஸ் பிடிக்கிறோம், பங்கைக் குறைத்தால் அது போய்விடும் என்றார் ஒருவர். பங்கைக் குறைக்க நான் கேட்கவில்லை, தாளில் அச்சடிக்கக் கேட்டேன். இத்தனை டாலரில் இத்தனை பள்ளிக்கு என்று தெரிந்தால் பலர் மனதாரக் கொடுப்பார்கள். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு அம்மா எழுந்து, ஜன்னல் உறையை வகுப்பில் கொடுப்பதை நிறுத்துங்கள், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்றார். கூட்டத்தில் அதன் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

இதற்கிடையில் மார்ச்சில் வசந்த கால பிக்சர் டே வந்தது. அதில் நடைமுறை தலைகீழ். ஆர்டர் கொடுக்காமலே முழு பேக்கேஜும் அச்சாகிப் பிள்ளையின் பையில் வீட்டுக்கு வரும், வேண்டியதற்குப் பணம் கட்டிவிட்டு மீதியைத் திருப்ப வேண்டும். கேட்காமல் தபாலில் வந்த சரக்கைப் பெற்றவர் இனாமாக வைத்துக்கொள்ளலாம் என்று 1970-இல் வந்த மத்தியச் சட்டம் சொல்கிறது. இது வருவது தபாலில் அல்ல, பிள்ளையின் தோளில். தன் சிரித்த முகம் அச்சான படங்களை அம்மா திருப்பி உறையில் போட்டு ஒட்டுவதை மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் நல்லா இல்லையாம்மா?" என்றாள். அவற்றில் இரண்டை வாங்கினேன்.

ஒப்பந்தம் மே மாதம் புதுப்பிக்கும் நேரம். பிரின்சிபல் அதற்கு முன் என்னையும் இன்னும் இரண்டு பெற்றோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். படத்தைப் பார்த்த பிறகு பணம் கட்டலாம் என்பது கிடைத்தது. டிஜிட்டல் மட்டும் தனியாக, 22 டாலருக்கு, அச்சுப் போட்டுக்கொள்ளும் அனுமதியோடு கிடைத்தது. உறைகள் வகுப்புக்கு வராது, வீட்டுக்கு வரும். வசந்த கால பேக்கேஜை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டுமே அச்சடிப்பார்கள். பள்ளியின் பங்கைத் தாளில் போட நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளியே ஆகஸ்ட் செய்தி மடலில் எழுதியது. நான்காவது கேமரா கேட்டோம், ஆள் இல்லை என்றார்கள். ஆகவே 72 நொடி அப்படியேதான் இருக்கிறது. ரீடச்சில் மச்சம், தழும்பு இவற்றைத் தொடக்கூடாது என்று பெற்றோர் எழுத ஒரு வரி கேட்டேன். பரிசீலிக்கிறோம் என்றார்கள். தாளில் இன்னும் வரவில்லை.

2024 செப்டம்பரில் பையனுக்கு டிஜிட்டல் மட்டும் வாங்கினேன், ரீடச் இல்லாமல். ஐந்துக்கு ஏழில் ஒரு பிரதி போட்டு, அந்த முறையும் தீபாவளிக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினேன். அம்மா பழைய படத்தை ஃபிரேமிலிருந்து எடுத்துவிட்டு இதை மாட்டியிருக்கிறாள். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில்.